மாரியோ பாவாவை 4 நிமிடத்துக்குள் அடக்குவது

இத்தாலியத் திகில் பட இயக்குநர் ஒருவருக்கு அஞ்சலியாக, அவர் படங்களின் துண்டுகளைக் கோத்து ஒரு மாண்டேஜ் செய்ய உட்கார்ந்தால், கை தானாகக் கொலைக் காட்சிகளைத்தான் தேடிப் போகும். மாரியோ பாவா விஷயத்தில் அதற்குப் பஞ்சமே இல்லை. 1971இல் வந்த 'எ பே ஆஃப் பிளட்' ஒன்றிலேயே 13 கொலைகள். எல்லாவற்றையும் அடுக்கி, அடியில் ஒரு தடதட இசையைப் போட்டால் வேலை முடிந்தது. அப்படிச் செய்தவை ஏராளமாகக் கிடைக்கின்றன. பார்த்து முடித்ததும், அது பாவாவா, அவரைப் பார்த்துப் படம் எடுக்கக் கற்றுக்கொண்ட வேறு யாராவதா என்று சொல்லவே முடியாது.

எனக்குச் சோறு போடுவது கல்யாண வீடியோ எடிட்டிங். எங்கள் ஊரில் திரைப்படக் குழு நடத்தும் தம்பி ஒருவன், பாவாவின் 'பிளட் அண்ட் பிளாக் லேஸ்' திரையிடலுக்கு முன்னால் போட 4 நிமிடத்தில் ஒரு மாண்டேஜ் கேட்டான். "ணா, டிரெய்லர் மாதிரி நச்சுனு இருக்கணும். ரத்தம் கொஞ்சம் தூக்கலா இருந்தா நல்லது." சரி என்றேன். படங்களை ஒரு சுற்று போட்டுப் பார்த்ததும் ரத்தத்தைக் கிட்டத்தட்ட முழுவதுமாக எடுத்துவிடலாம் என்று தோன்றியது.

பாவாவின் படங்களில் அடி விழுகிற கணம் பெரும்பாலும் சட்டென்று முடிந்துவிடும். இன்றைய கண்ணுக்கு அது கொஞ்சம் பொம்மைத்தனமாகவும் தெரியும். பயம் இருப்பது அதற்கு முன்னால். 'தி விப் அண்ட் தி பாடி' (1963) படத்தில் இருட்டிலிருந்து கிறிஸ்டோபர் லீயின் கை மெதுவாக நம்மை நோக்கி நீண்டு வரும். அந்தக் கை வந்துகொண்டே இருப்பதுதான் காட்சி. அது தொட்ட பிறகு என்ன ஆனது என்பது பத்து படங்களில் பார்த்த சங்கதி. 'பிளாக் சண்டே' (1960) தொடக்கத்தில் பார்பரா ஸ்டீலின் முகத்தில், உள்பக்கம் முட்கள் பதித்த முகமூடியை வைத்துச் சம்மட்டியால் அடிப்பார்கள். இந்தப் படத்தை பிரிட்டனில் 1968 வரை திரையிட விடவில்லை. அந்தக் காட்சியை நான் சம்மட்டி ஓங்கிய இடத்திலேயே நிறுத்திக் கறுப்புக்குப் போய்விட்டேன். அடி சத்தம் மட்டும் கறுப்பின் மேல் விழும். அரங்கில் பார்த்தவர்கள் ரத்தத்தைப் பார்த்ததாகவே பிறகு பேசிக்கொண்டார்கள். தம்பிக்கும் திருப்தி.

ஆகவே முதல் விதி என்று ஒன்றை வைத்துக்கொண்டேன்: அடிக்கு ஒரு ஃபிரேம் முன்னால் வெட்டு. இதைக் கண்மூடித்தனமாக எல்லா இயக்குநருக்கும் பொருத்தாதீர்கள். இன்னொரு இத்தாலியத் திகில் இயக்குநரான லூசியோ ஃபுல்சிக்கு மாண்டேஜ் செய்கிறவர் இப்படிச் செய்தால் மிச்சம் ஒன்றும் இருக்காது. ஃபுல்சி அடி விழுந்த பிறகுதான் கேமராவை அசைக்காமல் வைத்துக்கொண்டு பார்ப்பார்.

பாவா 1914இல் சான்ரெமோவில் பிறந்தவர். அப்பா யூஜினியோ ஒரு சிற்பி. மௌனப் படக் காலத்தில் ஒளிப்பதிவாளராகவும் தந்திரக் காட்சிகள் செய்பவராகவும் இருந்தார். மகனும் பல வருடம் ஒளிப்பதிவாளராக இருந்து, 45 வயதைத் தொட்ட பிறகுதான் முழுப் படத்துக்கு இயக்குநர் என்று பெயர் போட்டுக்கொண்டார். இது எடிட்டருக்கு வெறும் வாழ்க்கைக் குறிப்பு அல்ல, வேலைக்கு உதவுகிற தகவல். இந்த ஆள் கதையை வசனத்தில் யோசிக்கவில்லை. விளக்கை எங்கே வைப்பது, கண்ணாடியில் எதை வரைந்து லென்ஸுக்கு முன்னால் நிறுத்துவது என்று யோசித்தவர். அதனால் கிளிப்புகளைப் படவாரியாகப் பின்களில் (எடிட்டிங் மென்பொருளில் கிளிப்புகளைப் பிரித்து வைக்கும் 'bin' என்ற கோப்புறைகள்) போடவில்லை. ஷாட்டுக்குள் என்ன நடக்கிறது என்று பார்த்துப் பிரித்தேன். ஜூம், கை, கண், உருளும் பொருள், வெளிச்சம் மாறுவது, பொம்மைகள், கதவு. 'பொம்மைகள்' பின் நினைத்ததைவிடச் சீக்கிரம் நிரம்பிவிட்டது. 'பிளட் அண்ட் பிளாக் லேஸ்' படத்து ஃபேஷன் கடையின் துணி போர்த்திய உருவங்கள், 'லிசா அண்ட் தி டெவில்' (1973) முழுக்க வருகிற ஆளுயரப் பொம்மைகள், கூடவே பொம்மை மாதிரியே அசையாமல் நிற்க வைத்த நடிகர்கள் வேறு. இப்படிப் பிரித்துவிட்டால் எந்த ஷாட்டுக்குப் பக்கத்தில் எது உட்காரும் என்று பின்னைத் திறந்தவுடனே தெரிகிறது. வருட வரிசையில் போயிருந்தால் இது எதுவும் கண்ணில் பட்டிருக்காது.

'உருளும் பொருள்' பின்னில் கிடைத்ததுதான் இந்த மாண்டேஜில் எனக்கு மிகவும் பிடித்த கட். 'கில், பேபி... கில்!' (1966) படத்தில் இறந்துபோன சிறுமி வருவதற்கு முன்னால் ஒரு வெள்ளைப் பந்து குதித்துக் குதித்து வரும். 'ஃபைவ் டால்ஸ் ஃபார் அன் ஆகஸ்ட் மூன்' (1970) படத்தில் ஒரு கைகலப்பில் கண்ணாடி உருண்டைகள் சிதறி, கோலிக்குண்டுகள் மாதிரி படிகளில் உருண்டு இறங்கி, கடைசியில் பிணம் கிடக்கும் குளியல் தொட்டியில் போய் விழும். பந்திலிருந்து கண்ணாடிக்கு. வெட்டு எங்கே என்பதுதான் கேள்வி. பழக்கத்தில் கை பந்து தரையில் படும் ஃபிரேமுக்குப் போகும், ஏனென்றால் சத்தம் அங்கேதான் இருக்கிறது. அங்கே வெட்டினால் இரண்டும் தனித்தனி நிகழ்ச்சியாக நிற்கின்றன. பந்து மேலே எழும்பி, உச்சியில் ஒரு நொடித்துளி தயங்கும் இடத்தில் வெட்டிப் பாருங்கள். கண் அது கீழே வரும் என்று காத்திருக்கிறது. கீழே வருவது கண்ணாடி உருண்டையாக இருக்கிறது. விழுவதைப் பார்வையாளரே முடித்துவைக்கிறார். கண்ணாடியின் கிண் சத்தத்தை மட்டும் படத்துக்கு இரண்டு ஃபிரேம் முன்னதாக இழுத்துக்கொண்டேன்.

கிளிப்பை இடவலமாகத் திருப்பினால் இயக்கத்தின் திசை இன்னும் அழகாகப் பொருந்தும் என்று தோன்றும் இடங்கள் வரும். கல்யாண வீடியோவில் யோசிக்காமல் திருப்புவோம். இங்கே தொடவில்லை. பாவாவின் விளக்கு ஒரு பக்கம் பச்சை, மறுபக்கம் ஊதா என்று வருகிறது. திருப்பினால் அவர் வைத்த விளக்கை நான் இடம் மாற்றியது போல ஆகும். அஞ்சலி என்று பெயர் வைத்துக்கொண்டு அதைச் செய்ய மனம் வரவில்லை.

அடுத்து, வெட்டவே கூடாத ஷாட்கள். 1957இல் வந்த 'ஈ வம்பீரி' ரிக்கார்டோ ஃப்ரெடா இயக்கிய படம். அவர் பாதியில் விலகிக்கொள்ள, ஒளிப்பதிவாளராக இருந்த பாவாதான் முடித்துக் கொடுத்தார். அதில் ஜன்னா மரியா கனாலேயின் இளமையான முகம் ஒரே ஷாட்டில், டிசால்வ் (ஒரு காட்சி கரைந்து இன்னொன்றாவது) எதுவும் இல்லாமல், கிழவியின் முகமாக மாறும். கறுப்பு வெள்ளைப் படம் என்பதுதான் ரகசியம். சுருக்கங்களைச் சிவப்பு வண்ணத்தில் வரைந்துவிடுவார்கள். சிவப்பு வெளிச்சத்தில் சிவப்புக் கோடு வெளிறித் தெரியாமல் போகும். வெளிச்சத்தின் நிறத்தைப் பச்சை நீலப் பக்கம் மாற்றிக்கொண்டே வந்தால் அதே கோடுகள் கறுத்து எழும். நடிகை நகரக்கூட வேண்டாம். இந்த ஷாட்டை டைம்லைனில் போட்டதும் எடிட்டருக்கு மூன்று ஆசை வரும்: நடுவில் யாராவது அதிர்ச்சியடையும் முகத்தைச் செருகுவது, கொஞ்சம் வேகப்படுத்துவது, கான்ட்ராஸ்ட்டை ஏற்றுவது. நடுவில் வெட்டினால் மேக்கப் போட்டுவிட்டு மறுபடி எடுத்திருக்கிறார்கள் என்று எல்லாரும் நினைத்துக்கொள்வார்கள், தந்திரமே அங்கே செத்துவிடும். கான்ட்ராஸ்ட்டை ஏற்றினால் கோடுகள் ஆரம்பத்திலேயே லேசாகத் தெரிந்துவிடும். வந்தது வந்தபடியே விட்டேன்.

அதற்கு ஒட்டினாற்போல 'ஷாக்' (1977). திரையரங்குக்காக பாவா எடுத்த கடைசிப் படம். தாழ்வாரத்தின் கோடியிலிருந்து சிறுவன் அம்மாவைக் கட்டிப்பிடிக்க ஓடி வருகிறான். கிட்டே வரும்போது ஃபிரேமுக்குக் கீழே மறைகிறான். அதே இடத்திலிருந்து எழுவது செத்துப்போன கணவன். கணினி கிடையாது, வெட்டு கிடையாது. ஒருவர் குனிந்தார், ஒருவர் நிமிர்ந்தார், அவ்வளவுதான். முதல் தந்திரத்துக்கும் இதற்கும் நடுவில் 20 வருடம். இரண்டையும் முழுதாக ஓடவிட்டு, நடுவில் ஒரே ஒரு நேரடி கட் வைத்தேன். 4 நிமிடத்தில் இவை இரண்டும் பிடிக்கும் இடம் அதிகம்தான். அதற்காக வேறு பல நல்ல ஷாட்களைக் கழித்தேன், வருத்தமில்லை.

ஜூம் பற்றி ஒரு வார்த்தை. பாவா ஜூமை அளவுக்கு மீறிப் பயன்படுத்துகிறார் என்ற குற்றச்சாட்டு உண்டு, அதில் நியாயமும் இருக்கிறது. ஆனால் மாண்டேஜுக்கு ஜூம் ஒரு வரம். ஒரு ஜூம் கண்ணில் போய் நிற்கும் இடத்தில் வெட்டி, இன்னொரு படத்தில் கண்ணிலிருந்து பின்வாங்கும் ஜூமில் தொடங்கலாம். இரண்டின் வேகமும் ஒத்துப்போனால் மட்டும். ஒத்துப்போகாவிட்டால் வேறு ஷாட் தேடுங்கள், ஷாட்டின் வேகத்தை மாற்றும் ஸ்பீட் ராம்ப் போட்டுச் சரிக்கட்டாதீர்கள். மெதுவாக்கினால் மென்பொருள் நடு ஃபிரேம்களைத் தானாக உருவாக்கும். பாவா படத்தில் எங்கே பார்த்தாலும் புகை. 'பிளானட் ஆஃப் தி வாம்பயர்ஸ்' (1965) படத்தின் கிரகமே இரண்டு பிளாஸ்டிக் பாறையும் நிறையப் புகையும்தான் என்று அவரே சொல்லியிருக்கிறார். அந்த நடு ஃபிரேம்களை உருவாக்கும் ஆப்டிகல் ஃப்ளோ வசதிக்குப் புகையின் விளிம்பு எங்கே என்று பிடிபடாது. பாறை உருகி ஓடுவது போல வந்து நிற்கும்.

தொழில்நுட்பத்தில் மூன்று நான்கு விஷயங்கள் நேரத்தைத் தின்னும். வட்டுகள் வெவ்வேறு நாட்டில் வந்தவை. ஐரோப்பிய டிவிடிகள் நொடிக்கு 25 ஃபிரேமில் ஓடும், அதாவது 24 ஃபிரேமில் எடுத்த படம் 4 சதவீதம் வேகமாகப் போகும், குரலும் இசையும் கொஞ்சம் கீச்சென்று ஏறியிருக்கும். அப்படியே 24 ஃபிரேம் டைம்லைனில் போட்டால் சில ஃபிரேம்கள் காணாமல் போய் ஜூம்கள் விக்கும். கிளிப்பின் ஃபிரேம் ரேட்டையே 24 என்று மாற்றி எழுதிவிட்டுப் பிறகு டைம்லைனுக்குக் கொண்டுவாருங்கள். படமும் ஒலியும் சேர்ந்து சரியாகும். ஃபிரேம் அளவும் இப்படித்தான். சில படங்களின் அகலம் உயரத்தைப் போல 1.66 மடங்கு, சிலவற்றுக்கு 1.85. எல்லாவற்றையும் ஒரே அளவுக்குப் பெரிதாக்கி வெட்டினால், 1.66 ஃபிரேமில் தலைக்கு மேல் இருக்கும் வளைவும் விளக்கும் போய்விடும். நான் ஒவ்வொன்றையும் அதனதன் அளவில் கறுப்பின் மேல் வைத்தேன். அளவு மாறுவது கண்ணை உறுத்துமே என்று யோசிக்கலாம். பாவாவின் ஃபிரேம் ஓரங்கள் பெரும்பாலும் இருட்டாகவே இருப்பதால், கறுப்புப் பட்டை எங்கே தொடங்குகிறது என்றே பல இடங்களில் தெரியவில்லை.

சிவப்பு தனித் தலைவலி. அலுவலக வேலைக்கு நாம் எக்ஸ்போர்ட் செய்யும் சாதாரண ஃபைல்களில் நான்கு பிக்ஸலுக்கு ஒரு நிறத் தகவல்தான் இருக்கும். இருட்டில் நிற்கும் செக்கச்சிவப்பான உருவத்தின் ஓரம் அதனால் படிக்கட்டாகத் தெரியும். புகையில் பட்டை பட்டையாகக் கோடு விழும். நிறப் படிகள் அதிகம் கிடைக்கும் 10 பிட்டில் வேலை செய்து, கடைசி ஃபைலுக்கு பிட்ரேட்டைத் தாராளமாகக் கொடுத்து, பிலிமில் தெரியும் பொடிப் புள்ளிகள் மாதிரி மிக மெல்லிய கிரெய்ன் ஒரு அடுக்கு போட்டால் பெரும்பகுதி அடங்கிவிடும். அப்புறம், அரங்கத்தின் புரொஜெக்டரில் ஒரு தடவை ஓட்டிப் பார்க்காமல் ஃபைலைக் கொடுக்காதீர்கள். என் மானிட்டரில் அழகாக இருந்த இருட்டு அங்கே வெறும் தார். நிழல்களைக் கொஞ்சம் தூக்கி இன்னொரு ஃபைல் போட்டுக் கொடுத்தேன். ஆனால் படங்களின் நிறத்தை ஒன்றோடொன்று பொருத்தும் வேலையில் இறங்கவில்லை. ஒரு படத்தின் பச்சை இன்னொன்றின் பச்சையாக இருக்க வேண்டும் என்று யார் சொன்னது?

எந்தப் பதிப்பிலிருந்து எடுக்கிறோம் என்பதையும் பார்த்துக்கொள்ள வேண்டும். அமெரிக்காவில் ஏ.ஐ.பி. (அமெரிக்கன் இன்டர்நேஷனல் பிக்சர்ஸ்) நிறுவனம் 'பிளாக் சண்டே', 'பிளாக் சாபத்' (1963) இரண்டையும் வெட்டி, இத்தாலிய இசையை எடுத்துவிட்டு லெஸ் பாக்ஸ்டரின் இசையைப் போட்டு வெளியிட்டது. 'பிளாக் சாபத்' மூன்று கதைகள் கொண்ட படம். கதைகளின் வரிசையையே மாற்றி, தொலைபேசிக் கதையில் ஒரு பேயையும் நுழைத்தார்கள். படம் இத்தாலியப் பதிப்பிலிருந்தும் ஒலி ஆங்கிலப் பதிப்பிலிருந்தும் வந்தால், நமக்கே தெரியாமல் ராபர்ட்டோ நிக்கோலோசியின் இசையும் பாக்ஸ்டரின் இசையும் கலந்துவிடும். 'லிசா அண்ட் தி டெவில்' கதை இன்னும் மோசம். அதை அப்படியே வாங்க ஆளில்லாததால், தயாரிப்பாளர் பேயோட்டும் காட்சிகளைச் சேர்த்து 'தி ஹவுஸ் ஆஃப் எக்ஸார்சிசம்' என்ற வேறொரு படமாக்கினார். மாண்டேஜுக்குப் பரபரப்பான துண்டுகள் அதில்தான் நிறைய இருக்கின்றன. அந்தப் பக்கமே போகவில்லை.

வசனத்தில் "ஒரிஜினல் மொழி எது?" என்று மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம். அக்கால இத்தாலியப் படங்களில் ஒலியைப் பிறகுதான் சேர்ப்பார்கள். நடிகர்கள் அவரவர் மொழியில் பேசியிருப்பார்கள். எந்த மொழியில் கேட்டாலும் யாராவது ஒருவரின் உதடு ஒட்டாது. வசனம் வேண்டுமென்றால் பேசுகிறவரின் முகம் இல்லாத ஷாட்டின் மேல் ஓடவிடுங்கள், பிரச்சினை தீர்ந்தது.

ஒலிக்கு என்ன செய்தேன் என்றால், முதல் பாதியில் இசையே இல்லை. 'பிளாக் சாபத்'தில் 'தண்ணீர்த் துளி' என்று ஒரு கதை. இறந்த மூதாட்டியின் விரலிலிருந்து மோதிரத்தைத் திருடிய நர்ஸை, வீட்டில் எங்கோ சொட்டும் தண்ணீரின் சத்தம் விரட்டும். அந்தச் சொட்டில் ஒன்றைச் சுத்தமாக வெட்டியெடுத்து, டைம்லைனில் தாளம் மாதிரி பரப்பினேன். ஷாட்கள் சொட்டுக்குச் சொட்டு மாறும். இடைவெளி குறைந்துகொண்டே போகும், ஆனால் சமமாகக் குறையாது. சமமாகக் குறைந்தால் அடுத்தது எப்போது என்று காது கண்டுபிடித்துவிடும். அது உச்சத்துக்குப் போகும்போது தொலைபேசிக் கதையிலிருந்து ஒரு மணியொலி. அதோடு சொட்டு நின்றுவிடும். அரங்கில் முன்வரிசையில் இருந்த ஒருவர் தன் பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். இரண்டாம் பாதிக்குத்தான் இசை. கார்லோ ருஸ்டிகெல்லி 'பிளட் அண்ட் பிளாக் லேஸ்' படத்துக்குப் போட்ட முகப்பு இசை அபாரமானது, இரவு விடுதியில் நடனத்துக்கு வாசிப்பது போலக் கொலைப் படத்துக்கு வாசித்திருப்பார். அதை நான் தொடவில்லை. இன்னும் சில நிமிடத்தில் அந்தப் படமே ஓடப் போகிறது, அதன் முதல் மரியாதையை நான் ஏன் பிடுங்க வேண்டும்? அதே காரணத்துக்காக அந்தப் படத்திலிருந்து முகமூடிக்காரனின் முகம் மூடிய ஷாட் ஒன்றோடு நிறுத்திக்கொண்டேன். திரையிடலுக்கு முன்னால் போடும் மாண்டேஜில் அந்தப் படத்தின் முடிச்சை அவிழ்ப்பது அநியாயம்.

இணையத்தில் ஏற்றும் எண்ணம் இருந்தால் உரிமைக் கோரிக்கை வரும் என்று எதிர்பார்த்தே ஏற்றுங்கள். பெரும்பாலும் இசையில்தான் மாட்டும். இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் 1957இன் பிரிவு 52, விமர்சனத்துக்கும் மதிப்புரைக்கும் நியாயமாகக் கையாள இடம் தருகிறது. நம் குரலோ எழுத்தோ எதுவும் இல்லாமல் காட்சிகளை மட்டும் அடுக்கிய மாண்டேஜ் அதற்குள் தானாக அடங்கிவிடாது. குரல் விளக்கத்தோடு ஒரு பதிப்பைத் தனியாகச் செய்வது நல்லது.

முடிவுக்கு எந்த ஷாட் என்பதில் தம்பிக்கும் எனக்கும் சண்டை. 'பிளாக் சாபத்'தின் இத்தாலியப் பதிப்பு முடியும்போது, குதிரையில் விரைந்துகொண்டே போரிஸ் கார்லாஃப் நம்மிடம் பேசி விடைபெறுவார். கேமரா பின்னால் போகும். பார்த்தால் குதிரை பொம்மை, மரங்கள் எல்லாம் படக்குழுவினர் கிளைகளைத் தூக்கிக்கொண்டு சுற்றிச் சுற்றி ஓடுவது. அமெரிக்கப் பதிப்பில் இது கிடையாது.

"என்னணா, கடைசில காமெடி ஆயிடுச்சே?"

"அவரே வச்ச காமெடிதான் தம்பி."

"பயமுறுத்திட்டு விட்டா நல்லா இருக்கும்ல?"

"பயமுறுத்தத்தான் முழுப் படம் போடப் போறியே. இது சிரிக்கட்டும்."

அரை மனசாக ஒத்துக்கொண்டான். சிரிப்பு அடங்குவதற்குள் விளக்கை ஏற்றாமல் நேராகப் படத்துக்குப் போய்விட வேண்டும் என்று மட்டும் புரொஜெக்டர்காரரிடம் சொல்லிவைத்தோம்.

படப் பெயர்களை ஷாட்களின் மேல் போடவில்லை. எழுத்து வந்தால் கண் எழுத்துக்குத்தான் போகும், பந்தும் கண்ணாடியும் வீணாகிவிடும். பெயர்களை வரிசையாக ஒரு தாளில் அச்சடித்து வாசலில் வைத்தோம், வருடத்தோடு. வெளியே வந்தவர்கள் தாளைக் கையில் வைத்துக்கொண்டே அதிகம் விசாரித்தது அந்தக் கண்ணாடி உருண்டைப் படத்தைத்தான். அது பாவாவுக்கே அவ்வளவாகப் பிடிக்காத படம். அந்த ஒரு நிமிடத்துக்காக மட்டும் பாருங்கள் என்று எல்லாரிடமும் சொல்லி அனுப்பினேன்.